கழுத்தளவு வெந்நீர்

என் தலையில் எண்ணெய் வைத்துவிட்ட மணியக்காவுக்கு,

ஜப்பான் போய்விட்டு வந்துவிட்டேன். நீங்கள் முன்பதிவு செய்து வைத்த அதே தேதிகளில், அதே இரண்டு சத்திரங்களில், இரண்டிரண்டு நாளாக நான்கு நாள் தங்கினேன். உங்கள் இடத்தில் உங்கள் மகள் யாழினி வந்தாள். என் பிளெய்ன்ஸ்பரோ வீட்டுக்குத் திரும்பி ஐந்து நாளாகிறது. துணியெல்லாம் துவைத்து மடித்தாயிற்று, பெட்டியை அலமாரி மேல் ஏற்றியாயிற்று. ஆனாலும் உங்களிடம் சொல்லாதவரை ஊர் திரும்பிய மாதிரியே இல்லை.

நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டு விஷயத்தை நீங்கள் ஒருதரம் ஊருக்கெல்லாம் சொன்னீர்கள். இப்போது நான் சொல்கிறேன். சரிக்குச் சரி.

படிக்கிறவர்களுக்கு நாம் யார் என்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இரண்டு பெண்கள். ஊரில் ஓரகத்தி என்பார்கள். இங்கே நம் ஆட்கள் கோ-சிஸ்டர் என்பார்கள், அது ஏதோ ஆங்கில வார்த்தை என்ற நம்பிக்கையில். பிப்ரவரியில் நீங்கள் போனபோது என் மேனேஜரிடம் கோ-சிஸ்டர் தவறிவிட்டார் என்றேன். அவர் மிகவும் மரியாதையாக, அவர் எந்தச் சபையின் கன்னியாஸ்திரீ என்று கேட்டார். அந்த நாளிலும் எனக்குச் சிரிப்பு வந்தது அக்கா. உடனே உங்களுக்குப் போன் செய்து சொல்லத்தான் கை போனது.

செந்திலை நான் காதலித்துக் கட்டிக்கொண்டதில் நம் மாமியார், கோபிசெட்டிபாளையத்து அத்தைக்கும் கோபம், மெட்ராஸில் என் அப்பாவுக்கும் கோபம். நூவர்க் ஏர்போர்ட்டில் வந்து இறங்கிய ஜனவரியில் எனக்காக வந்து நின்றது நீங்கள் ஒருத்திதான். என் மெல்லிய ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு, "இது மாமனோட கோட்டு கண்ணு, பெருசாத்தான் கெடக்கும், போட்டுக்கோ. அழகு பாக்கறதுக்கு இங்க ஆருமில்ல" என்றீர்கள். அந்தக் கோட்டுக்குள் இரண்டு ரேவதி நுழையலாம். நான் அதற்குள் நின்று அழுதேன், நீங்கள் பார்க்காத மாதிரி பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தீர்கள்.

அப்படிப்பட்ட உங்களிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

செந்திலுக்கு வேலை போன சமயம். எங்கள் இரண்டு பேர் விசாவும் அவர் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அறுபது நாளுக்குள் இன்னொரு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். உங்களிடம் மட்டும் சொன்னேன், ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். பத்தாம் நாள் அத்தை போனில் அழுதார். பதினோராம் நாள் அப்பா கூப்பிட்டார். 'நான் அன்னிக்கே சொன்னேன்ல' என்று சொல்வதற்காகவே அவர் அத்தனை வருடம் காத்திருந்தவர், ஆசை தீரச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடை பார்க்கிங்கில் உங்களைப் பிடித்தேன். கையில் பையோடு நின்றீர்கள். காரணம் கேட்கவில்லை, பேசவும் விடவில்லை. "இன்னியோட உங்கள தலை முழுகிட்டேன்க்கா. எனக்கு அக்காவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று கத்தினேன். வண்டி எடுத்தவர்கள்கூட நிறுத்திப் பார்த்தார்கள்.

நீங்கள் பையிலிருந்து பாதிக் கருவேப்பிலையை எடுத்து என் கார் மேல் வைத்து, "உனக்குன்னு வாங்குனது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் அதைத் தொடவில்லை. வண்டியை எடுத்தபோது காற்றில் பறந்து போனது.

பதினான்கு மாதம் பேசாமல் இருந்தோம். செந்திலுக்கு ஐம்பத்தி மூன்றாம் நாள் வேலை கிடைத்தது, டெக்சாஸில். அவர் திங்கள் போய் வெள்ளி வருவார், நான் இங்கே தனியாக. மீனாட்சி கோயிலுக்குப் பேர்லேண்ட் போயிருந்ததாக அவர் படம் அனுப்புவார், உங்களுக்கும் அனுப்பியிருப்பார் என்று தெரியும். கேட்க மாட்டேன். ரோஷம் என்றால் அப்படி ஒரு ரோஷம்.

அப்புறம் எனக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன். வலது கை ஆறு வாரம் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில். ஒரு சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் நீங்கள் நிற்கிறீர்கள். ஒரு கையில் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி, இன்னொரு கையில் நல்லெண்ணெய் பாட்டிலும் சீயக்காய்ப் பொடியும்.

"தள்ளு" என்றீர்கள். நேராகக் குளியலறைக்குள் போய் முக்காலியைக் குளியல் தொட்டிக்குள் போட்டீர்கள்.

"அக்கா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"உக்காரு. தலை முழுகறவ எண்ண வெச்சுல்ல முழுகோணும்? வறட்டுத் தலையோட முழுகுனா பித்தம் தலைக்கேறிக்கும். உனக்கு அதான் ஏறியிருக்குது" என்றீர்கள்.

நான் சிரித்தேனா அழுதேனா, இன்றைக்கும் தெரியவில்லை. உங்கள் விரல் என் உச்சந்தலையில் சூடாக இருந்தது. தலைக்குத் தேய்க்க அரப்புத் தூளா சீயக்காயா என்ற உங்கள் ஊர் வழக்கைக்கூட அன்றைக்கு எனக்காக விட்டுக்கொடுத்திருந்தீர்கள். சீயக்காய் கண்ணில் விழாமல் நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டு, போகிற போக்கில்தான் சொன்னீர்கள்: "அத்தை அப்ப இங்க வர்றதுக்கு டிக்கெட்டு போடறேன்னு நின்னாங்க. ஆறு மாசம் உன்ற ஊட்டுல வந்து உக்காந்திருந்தா அந்த நேரத்துல நீ என்ன பண்ணியிருப்பே? வேல போனதச் சொல்லாம வேற எதைச் சொல்லி நிறுத்தறது? எனக்குப் பொய் சொல்ல வராது."

அதற்குப் பிறகு மன்னிப்பு கேட்க நான் எத்தனையோ தடவை வாயெடுத்தேன். ஒருதரம்கூட நீங்கள் விடவில்லை. குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொல்வீர்கள், இல்லாவிட்டால் முதுகு தேய்க்கச் சொல்வீர்கள். பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமைதான் என்பீர்கள். "ஆனா இந்த ஊருல வெள்ளிக்கிழமை எவன் லீவு குடுக்கறான்" என்று சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டீர்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை, எடிசனில் உங்கள் வீட்டில் அல்லது பிளெய்ன்ஸ்பரோவில் என் வீட்டில், ஐந்து வருடம். அப்படி ஒரு ஐந்து வருடம் எனக்குக் கிடைத்தது. ஆனால் சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தையாகவே இருந்தது. நான் அதைத் திருப்பி வாங்கவே இல்லை.

வெந்நீர் ஊற்று ஆசை அந்தச் சனிக்கிழமைகளில்தான் வந்தது. உங்கள் முழங்கால் வெந்நீருக்கு ஏங்கும். அபார்ட்மென்ட் தொட்டி உங்கள் நீளத்துக்குப் போதாது, முழங்காலை நனைத்தால் தோள் வெளியே நிற்கும். யாரோ போட்ட வீடியோவில் ஜப்பானில் ஒரு மலையூரைப் பார்த்தீர்கள். ஆற்றோரம் மரச் சத்திரங்கள், பூமியிலிருந்து தானாகப் பொங்கும் வெந்நீர், கழுத்து வரை உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்கள். "நாம ரெண்டு பேருந்தான். ஆம்பளைகளக் கூட்டிட்டுப் போனா காப்பித்தண்ணிக்கு நம்மளத்தான் தேடுவாங்க" என்றீர்கள்.

அப்புறம்தான் அங்கே துணியில்லாமல் குளிக்க வேண்டும் என்று படித்தீர்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போன் செய்தீர்கள். "போறது போறோம். ஆனா கோபியில மட்டும் சொல்லிராதே கண்ணு. ஓரகத்திக ரெண்டு பேரும் ஒண்ணா அப்படிக் குளிச்சாங்கன்னா அங்க பேசறதுக்கு ஒரு வருசம் பத்தாது." யார் யாரிடம் ரகசியம் காக்கச் சொல்வது! நான் அதைச் சொல்லிக் காட்டினேன், நீங்கள் சிரித்து இருமினீர்கள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நீங்கள் வேலை பார்த்த லேபுக்குக் கிளம்பி, கார் சாவி கையில் இருக்கும்போதே விழுந்தீர்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் முழங்கால் வலியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம், ரத்தக்குழாயைப் பற்றி யாருக்குத் தெரிந்தது?

தகனம் முடிந்து எடிசன் வீட்டுக்கு வந்தோம். எல்லாரும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே நடமாட வேண்டும் என்று போனிலேயே அத்தை உத்தரவு. மூன்று குளியலறைக்கும் வரிசை. கடைசியில் நான் போனபோது ஹீட்டரில் வெந்நீர் தீர்ந்திருந்தது. ஷவரைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றேன். தலையை நீட்ட முடியவில்லை அக்கா. செத்தவர்களுக்காகத் தலை முழுகுவது எல்லாரும் செய்வதுதான். எனக்கு மட்டும் அது பார்க்கிங்கில் சொன்ன வார்த்தையை நிஜமாகவே செய்து முடிப்பதாகப் பட்டது. கழுத்துக்குக் கீழே தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரக் கையால் முடியை நனைத்து, துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எல்லாரும் குளித்ததாகவே நினைத்தார்கள்.

அதன்பிறகு எட்டு மாதமாக ஷாம்பூ போடும்போதெல்லாம் மனதுக்குள், 'இது அழுக்குக்கு, அக்காவுக்கில்லை' என்று சொல்லிக்கொண்டேதான் தண்ணீர் ஊற்றினேன். சிரிக்காதீர்கள். செய்ய வேண்டியதைச் செய்யாததால்தான் உங்களுக்கு வழி கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. செய்தால் ஒரு பயம், செய்யாவிட்டால் ஒரு பயம். யாரிடம் கேட்பது? இதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்.

ஆகஸ்டில் யாழினி உங்கள் ஈமெயிலைச் சுத்தம் செய்யும்போது முன்பதிவு கண்ணில் பட்டது. போன் செய்தாள். "சித்தி, இட்ஸ் ஃபார் டூ பீப்பிள். யூ அண்ட் அம்மா. கேன்சல் பண்ணவா?"

"பண்ணாத. நீ வர்றியா?" என்று கேட்டேன்.

தேதியை வாய்விட்டு ஒருதரம் படித்தாள். பிறகு, "ஓகே. பட் ஐ ஸ்நோர்" என்றாள். உங்கள் மகள்தான்.

நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். நீங்கள் ஆசைப்பட்ட தண்ணீரில், உங்கள் பேரைச் சொல்லி மூன்று முங்கு போட்டு, அந்தக் கடனைக் கழித்துவிடுவது. ஏர்போர்ட் குளிரில் கோட்டு கொடுத்தவருக்கு அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா?

டோக்கியோவிலிருந்து புல்லட் ரயில், அப்புறம் இரண்டே பெட்டி வைத்த ஒரு ரயில். வெள்ளிக்கிழமை மத்தியானம் இறங்கினோம். ஊரே பேசாமல் இருந்தது. ஆற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது, முழுப்பரீட்சைக்கு முந்தின பள்ளிக்கூட லேப் மாதிரி கந்தக வாசனை. ஒரு கடையில் வெந்நீர் ஊற்றிலேயே முட்டை வேகவைத்து விற்றார்கள். 'முட்ட வேகற தண்ணியிலயா நாம குளிக்கறது?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுந்தது. தண்ணீரைச் சோதிக்க லேபிலிருந்து பிஎச் காகிதம் எடுத்து வந்திருப்பீர்கள், நிச்சயம்.

சத்திர வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் யாழினி, "ஃபைனலி, எ நார்மல் ஹோட்டல்" என்றாள். சத்திரத்தம்மாவுக்கு உங்கள் வயது இருக்கும். மண்டியிட்டு வணங்கி வரவேற்றுவிட்டு எங்கள் இரண்டு பேரின் காலையும் பார்த்தார். பிறகு எங்கள் பின்னால் வாசலைப் பார்த்தார்.

அறையில் பாய் விரித்த தரை, குட்டையான மேஜை, தரையில் இரண்டு மெத்தை. தரையிலேயே எல்லாம் நடக்கிற அந்த அறையில் ஒரே ஒரு மர நாற்காலி, ஜன்னலைப் பார்த்தபடி, அதன் மேல் மடித்து வைத்த கம்பளி. சத்திரத்தம்மா மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நீங்கள் அனுப்பிய ஈமெயில். அச்செடுத்து, பக்கத்தில் பென்சிலால் ஜப்பான் எழுத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

ஆங்கிலத்தில் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: எனக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். சனிக்கிழமை மட்டும் நான் மீனும் கறியும் சாப்பிட மாட்டேன், எங்களுக்கு அது புரட்டாசி மாதம். என் தங்கைக்கு மீன் என்றால் உயிர், அவளுக்கு இரண்டு பங்கு வைக்கவும், கேட்கக் கூச்சப்படுவாள்.

தங்கை என்று எழுதியிருந்தீர்கள். கோ-சிஸ்டர் என்று எழுதவில்லை.

சத்திரத்தம்மா போனில் பேசி மொழிபெயர்த்துக் காட்டினார். முழங்கால் வலிக்கும் அம்மா பின்னால் வருகிறாரா என்று கேட்டிருந்தார். யாழினிதான் பதில் தட்டினாள். படித்துவிட்டு அவர் நெற்றி தரையில் படக் குனிந்தார். நாற்காலியை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கம்பளியை மட்டும் இன்னொரு தடவை நேராக மடித்து வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் குளிக்கப் போனோம். பெண்கள் பக்கம் தனி. வெட்கத்தைப் பற்றி என்ன சொல்ல? யாழினி டக்கென்று துண்டை வீசிவிட்டு நடந்தாள். நான் கூடைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். உள்ளே போனால் முதலில் குழாயடியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உட்கார ஒரு குட்டை முக்காலி இருந்தது. உங்கள் சிவப்பு முக்காலியின் அதே உயரம். அதில் உட்கார்ந்ததும் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை.

குளத்தில் ஒரு பாட்டி மட்டும் இருந்தார். தண்ணீர் சூடு உறைக்க உறைக்க மெல்ல இறங்கினேன். கழுத்து வரை வந்ததும் கண்ணை மூடினேன், மூக்கைப் பிடித்தேன், மணியக்கா என்றேன், குனிந்தேன்.

தாடை தண்ணீரைத் தொட்டதும் என் தோளை ஒரு கை பிடித்தது. அந்தப் பாட்டி. தலையைக் காட்டினார், தண்ணீரைக் காட்டினார், இரண்டு கையையும் பெருக்கல் குறியாக வைத்து வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். கோபமே இல்லை. நான் விழித்ததைப் பார்த்து, தன் தலை மேல் இருந்த சின்னத் துண்டை எடுத்துக் காட்டினார். பிறகு என் துண்டை வாங்கிப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நாலாக மடித்து, என் உச்சந்தலையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். நீங்கள் எண்ணெய் வைத்து முடித்ததும் தட்டுவீர்களே, அந்த இடத்தில்.

நான் உடைந்து அழுதேன். பாட்டி பயந்துவிட்டார். யாழினி நீந்தாத குறையாக ஓடி வந்தாள். "சித்தி! இட்ஸ் ஜஸ்ட் எ ரூல். இங்க தலைய தண்ணில முக்கக் கூடாது, ஹைஜீன் திங். எல்லாரும் யூஸ் பண்ற தண்ணி. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல."

"தெரியாதுடி" என்றேன். இத்தனை வாசித்துவிட்டு இதை வாசிக்காமல் வந்திருக்கிறேன். ஆற்றையும் குளத்தையும் பார்த்தால் முதலில் தலையை முக்குகிற ஜாதி நாம், வேறு மாதிரி ஒரு குளியல் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அந்தத் தண்ணீரில் உட்கார்ந்தே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்கிங், கருவேப்பிலை, ஷவரில் ஓரமாக நின்றது. தலை முழுகுவது என்றால் தலைக்குக் குளிப்பது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். இன்னொரு அர்த்தத்தைச் சொன்னேன். இனி உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஒருவரை விட்டுவிடுவது.

"அம்மாகிட்ட அப்டியா சொன்னீங்க? அதுக்கு அம்மா வந்து உங்க ஹேர் வாஷ் பண்ணாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "ஓ மை காட், தட்ஸ் ஸோ அம்மா."

"இப்ப என்ன பண்றதுன்னு தெரியல யாழி. உங்கம்மாவுக்குச் செய்ய வேண்டியத நான் செய்யல."

"தென் டோன்ட். பண்ணாதீங்க சித்தி. யாரு வந்து செக் பண்ணப் போறாங்க? அம்மாவா?"

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் செக் பண்ணுவதாக இருந்தாலும் என்ன செக் பண்ணுவீர்கள்? எண்ணெய் வைத்தாயா, சாப்பிட்டாயா, அவ்வளவுதானே! நாங்கள் இரண்டு பேரும் கழுத்தளவு வெந்நீரில், தலையில் துண்டோடு, ஆறு ஓடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முழுகு, ஆனால் தலை முழுகாதே என்று சட்டம் வைத்திருக்கிற ஒரு ஊருக்கு என்னை அனுப்பியிருக்கிறீர்கள். தெரிந்து அனுப்பினீர்களா? தெரிந்திருக்காது. உங்கள் கணக்கெல்லாம் முழங்காலும் மீனும்தான். 

இரவுச் சாப்பாட்டில் எனக்கு இரண்டு மீன் வந்தது. கூச்சப்படாமல் தின்றேன். மறுநாள் சனிக்கிழமை, நாற்காலிக்கு எதிரே உங்கள் சைவத் தட்டு வந்தது. மலைக்கீரை, காளான், எள்ளில் செய்த தோஃபு, நாக்கைச் சுண்டும் ஒரு புளிப்பு ஊறுகாய். சத்திரத்தம்மா, "பு-ரத்-தா-சி" என்று எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டுச் சரியா என்று பார்த்தார். புரட்டாசி என்றால் என்ன விலை என்று கேட்கிற உங்கள் மகள், அந்தத் தட்டை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

இரண்டாவது சத்திரம் இன்னும் மேலே, ஆற்றின் ஓரமாகவே. திங்கட்கிழமை காலை மழை. கதவைச் சாத்திக்கொண்டு குடும்பமாகக் குளிக்க ஒரு சின்ன அறை தந்தார்கள். யாழினி குழாயடி முக்காலியில் உட்கார்ந்து, திரும்பாமலே கேட்டாள். "சித்தி, கேன் யூ டூ மை ஹேர்? அம்மா போனப்புறம் யாரும் பண்ணல."

எண்ணெய் பாட்டிலைப் பெட்டியில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. பத்துப் பேர் இறங்குகிற தண்ணீரில் எண்ணெய் மிதக்க விட்டால் நம் மானம் போய்விடும். அவர்கள் ஷாம்பூவைத்தான் போட்டேன். உங்கள் மாதிரியே நெற்றியில் கை வைத்துக் கண்ணை மறைத்தேன். அவள் பின்கழுத்தில் ஒரு சுழி இருக்கிறது, இத்தனை வருடம் நான் பார்த்ததில்லை. அதையும் நீங்கள் என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இங்கத்திய செய்தி. உங்கள் வீட்டுக்கார மாமா ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார், புளியை மட்டும் இன்னும் கண்ணால் அளக்கிறார். செந்தில் டெக்சாஸை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறார். எங்களுக்கு க்ரீன் கார்டு வந்துவிட்டது, கேட்டால் குதித்திருப்பீர்கள். அத்தை ஞாயிறுதோறும் என்னைக் கூப்பிடுகிறார், உங்களைக் கூப்பிட்ட அதே நேரத்துக்கு. நேற்று எடிசனுக்குப் போனேன். மாமா எதுவும் கேட்காமல் குளியலறையிலிருந்து அந்தச் சிவப்பு முக்காலியை எடுத்து வந்து என் காரில் வைத்தார். இப்போது அது எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வருடம் திரும்பாததால் இந்தத் தீபாவளி நமக்குக் கிடையாது. அடுத்த தீபாவளிக்கு யாழினி தலையில் முதல் எண்ணெய் நான் வைப்பேன். அதுவரைக்கும் சனிக்கிழமைகளில் ஜெர்சி சிட்டியிலிருந்து ரயில் ஏறி வருவதாகச் சொல்லியிருக்கிறாள், பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குப் போய் நான் கூட்டி வருவேன். இந்தப் பெண்ணின் தலை வறட்டுத் தலையாக இருக்க விடமாட்டேன், இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. உங்களுக்காக முழுக வேண்டிய அந்த ஒரு முழுக்கை மட்டும் நான் போடப் போவதில்லை அக்கா. அன்றைக்குச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்களைத் தலை முழுகாத தங்கை,
ரேவதி